நாசிக்: பந்தலில் பழம், பீப்பாயில் ரசம்

கோதாவரிக் கரையில் கால் நூற்றாண்டுக்கு முன் தொடங்கியது ஒயின் பயிர். ஆலைகள் வந்தன, சுற்றுலா வந்தது, அரசியலும் வந்தது. விவசாயிக்கு என்ன வந்தது என்பதுதான் கேள்வி.

பிப்ரவரி மாதத்தில் நாசிக்கில் விடியற்காலைக் குளிர் இன்னும் விட்டபாடில்லை. சூரியன் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே கத்தரிக்கோலும் பிளாஸ்டிக் கூடையுமாகப் பெண்கள் திராட்சை வரிசைகளுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பெரும்பாலானோர் பேட், சுர்கானா தாலுகாக்களின் ஆதிவாசி கிராமங்களிலிருந்து அறுவடைக் காலத்துக்கென வருபவர்கள். வெயில் ஏறுவதற்குள் கூடைகள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பழம் சூடேறினால் வாசனை போய்விடும். நசுங்கிய பழம் கூடையிலேயே புளிக்கத் தொடங்கிவிடும். அப்புறம் அது ஒயினுக்கு ஆகாது.

கூடையில் இருக்கும் பழத்தைப் பார்த்தால் சந்தையில் திராட்சை வாங்கிப் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள். சின்னச் சின்னப் பழம், தடித்த தோல், உள்ளே விதை. ஆனால் கடித்தால் தித்திப்பு தொண்டையைப் பிடிக்கும். சாப்பிடும் திராட்சையை 16 முதல் 18 சதவீதச் சர்க்கரை சேர்ந்ததும் பறித்துவிடுகிறார்கள். ஒயின் திராட்சையில் அது 22, 24 சதவீதம் வரை ஏறும் வரை காத்திருக்கிறார்கள். அந்தச் சர்க்கரைதான் பின்னால் சாராயச் சத்தாக மாறுகிறது. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருகின்றன. ஒரு புட்டி ஒயினுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ பழம் தேவை.

நாசிக்குக்குத் திராட்சை புதிதல்ல. ராமன் வனவாசத்தில் தங்கியதாக நம்பப்படும் பஞ்சவடியும், ஜோதிர்லிங்கத் தலமான திரியம்பகேஸ்வரும், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கும்பமேளாவும் இந்த மாவட்டத்துக்கு ஒரு முகம் என்றால், இன்னொரு முகம் பழத்தோட்டம். பிம்பள்காவ், திண்டோரி, நிபாட் பக்கம் போனால் மைல் கணக்கில் திராட்சைதான். தாம்சன் சீட்லெஸ் என்ற விதையில்லா ரகமும் அதிலிருந்து மராட்டிய விவசாயிகளே பொறுக்கியெடுத்த தாஸ்-ஏ-கணேஷ், சோனாகா போன்ற ரகங்களும் இங்கிருந்து ஐரோப்பா வரை ஏற்றுமதியாகின்றன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம், வடிகால் உள்ள மண், பகலில் வெயில், இரவில் குளிர் எனத் திராட்சைக்கு வேண்டியதெல்லாம் இங்கே இருந்தன. ஆனால் இந்தப் பழத்தைப் பிழிந்து புட்டியில் அடைத்தால் பணம் வரும் என்று இருபதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் வரை நம்பியவர்கள் வெகு சிலரே.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆட்சியில் காஷ்மீரிலும் பாராமதியிலும் ஒயினுக்காகத் தோட்டங்கள் போடப்பட்டன. 1883-84இல் கல்கத்தாவில் நடந்த சர்வதேசப் பொருட்காட்சியில் இந்திய ஒயின்கள் இடம்பெற்றன. ஆனால் 1890களில் பிலாக்ஸரா என்ற வேர்ப்பூச்சி அத்தனையையும் அரித்துவிட்டது. பிறகு வந்தது மதுவிலக்கு இயக்கம். போதைப் பானங்களைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்று சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனமே 47ஆவது பிரிவில் சொல்லிவிட்டது. ஒயின் என்றால் கோவாவின் இனிப்பு போர்ட்டும் மாதா கோவில் திருப்பலி ரசமும்தான் என்றாகிவிட்டது.

இந்தத் தேக்கத்தை முதலில் உடைத்தவர் ஷாம்ராவ் சவ்குலே. 1980களில் புனே-நாசிக் சாலையில் உள்ள நாராயண்காவில் பிரெஞ்சு நிபுணர்களின் உதவியோடு நுரைக்கும் ஒயின் தயாரித்தார். ஓமர் கய்யாம் என்ற பெயரில் அது வெளிநாடுகளுக்கும் போனது. கர்நாடகத்தில் நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர், ஷாம்பேன் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெஸெல் என்பவரோடு சேர்ந்து பிரெஞ்சு ரகங்களைச் சோதித்துப் பார்த்தார். 1990களில் அவரது ஒயின் சந்தைக்கு வந்தது.

நாசிக்கைத் திருப்பிப் போட்டவர் ராஜீவ் சாமந்த். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்து, ஆரக்கிள் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1990களின் முற்பகுதியில் ஊர் திரும்பி, கங்காபூர் அணைக்கு அருகே குடும்பத்துக்கு இருந்த சுமார் 30 ஏக்கரில் விவசாயம் செய்ய உட்கார்ந்தார். மாம்பழம், ரோஜா, தேக்கு, சாப்பிடும் திராட்சை என்று ஒவ்வொன்றாக முயன்றார். கடைசியில் கலிபோர்னியாவின் ஒயின் நிபுணர் கெர்ரி டாம்ஸ்கியின் துணையோடு 1990களின் பிற்பகுதியில் சொவிஞ்ஞோன் பிளாங், ஷெனின் பிளாங் என்ற இரண்டு பிரெஞ்சு வெள்ளை ரகங்களை நட்டார். 2000இல் முதல் புட்டி விற்பனைக்கு வந்தது. தாய் சுலபாவின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர், சுலா.

செடியை ஏமாற்றும் வித்தை

பிரெஞ்சுச் செடியைக் கொண்டுவந்து நட்டுவிடலாம். அதை மராட்டிய வெயிலில் காய்க்க வைப்பது வேறு விஷயம். குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். வசந்தத்தில் விழித்துப் பூக்கும், இலையுதிர் காலத்தில் பழம் தரும். நாசிக்கில் அப்படியொரு பனிக்காலமே கிடையாது. கொடிக்குத் தூக்கமில்லை. அதன் போக்கில் விட்டால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் பருவமழையில் பழம் பழுத்து, பூஞ்சை பிடித்து அழுகும்.

எனவே மராட்டிய விவசாயிகள் கொடிக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரலில் ஒரு வெட்டு. அதில் புதுக் கிளைகள் வளர்ந்து உள்ளே பழமொட்டுகள் உருவாகும். செப்டம்பர், அக்டோபரில் மழை ஓயும் நேரத்தில் இரண்டாவது வெட்டு. அதில் பூத்துக் காய்ப்பதுதான் அறுவடை. ஐரோப்பாவில் செப்டம்பரில் பறிக்கும் பழத்தை நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை பறிப்பது இதனால்தான். கொடி ஒரே சீராகத் துளிர்க்க வெட்டிய கணுக்களில் மருந்து தடவுகிறார்கள். வறட்சியையும் உப்புத் தண்ணீரையும் தாங்க டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடிகளின் மீது ஒட்டுக் கட்டுகிறார்கள்.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு இந்த வித்தை புதிதல்ல. அங்கே பன்னீர் திராட்சை என்று அழைக்கப்படும் மஸ்கட் ஹாம்பர்க் கொடியை அடுத்தடுத்துக் கவாத்து செய்து ஆண்டின் பெரும்பகுதியில் பழம் எடுக்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழத்தின் பெரும்பகுதி தின்னத்தான் போகிறது. நாசிக்கின் ஒயின் தோட்டக்காரரோ ஆண்டுக்கு ஒரே அறுவடையோடு நிறுத்திக்கொள்கிறார். அதிலும் குலைகளைக் குறைத்து, ஏக்கருக்குச் சுமார் 5 டன்னோடு திருப்திப்படுகிறார். பக்கத்துத் தோட்டத்தில் சாப்பிடும் திராட்சை அதைப்போல் இரு மடங்கு காய்க்கும். காய்ப்பு கூடினால் சாரம் குறையும் என்பது ஒயின் ஆலையின் கணக்கு.

தோட்டத்தின் தோற்றமும் வேறு. சாப்பிடும் திராட்சைக்குத் தலைக்கு மேல் பந்தல். ஒயின் ரகங்கள் வேலி போல நேராகக் கட்டிய கம்பி வரிசைகளில் ஏறுகின்றன. காற்றும் வெயிலும் குலைக்குக் கிடைத்தால் அடிச்சாம்பல் நோயும் சாம்பல் நோயும் குறையும்.

எந்த ரகம் பிழைக்கும் என்பதை விவசாயிகளும் ஆலைகளும் கைக்காசைப் போட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். வெள்ளையில் ஷெனின் பிளாங்கும் சொவிஞ்ஞோன் பிளாங்கும் நன்றாக ஒட்டிக்கொண்டன. சிவப்பில் ஷிராஸ், கேபர்நே சொவிஞ்ஞோன், ஜின்ஃபாண்டல் ஆகியவை நிலைத்தன. குளிர் கேட்கும் பினோ நுவார் போன்றவை சிணுங்கின. பிறகு வியோனியே, ரீஸ்லிங், ஸ்பெயினின் தெம்ப்ரானியோ என்று பட்டியல் நீண்டது. சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் இத்தாலியர்களும் இந்தியர்களும் கூட்டாகத் தொடங்கிய ஃபிராடெல்லி, இத்தாலியின் சாஞ்ஜியோவெஸே ரகத்தைக் கொண்டுவந்தது. புனே மாஞ்சரியில் 1997இல் தொடங்கப்பட்ட தேசிய திராட்சை ஆராய்ச்சி மையமும் ரகங்களையும் வேர்ச்செடிகளையும் சோதித்து வருகிறது.

அரசு திறந்த கதவு

2001இல் மகாராஷ்டிர அரசு தனி ஒயின் கொள்கை அறிவித்தது. மாநிலத்தில் விளைந்த திராட்சையில் செய்த ஒயினுக்குப் பத்தாண்டு கலால் வரி விலக்கு. லைசென்ஸ் நடைமுறை எளிதாக்கப்பட்டது. சாங்லி மாவட்டம் பலூசிலும், நாசிக் மாவட்டத்தில் லாசல்காவ் வெங்காயச் சந்தைக்கு அருகே உள்ள விஞ்சூரிலும் ஒயின் தொழிற்பேட்டைகள் உருவாயின. சர்க்கரை ஆலைகளைக் கொண்டு கிராமப் பொருளாதாரத்தையும் அரசியலையும் வளர்த்த மாநிலம் அது. கரும்புக்குச் சர்க்கரை ஆலை போல, திராட்சைக்கு ஒயின் ஆலை என்று தலைவர்கள் கணக்குப் போட்டார்கள்.

கேட்க வேண்டுமா? விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகள் இருந்த மாநிலத்தில் பத்தே ஆண்டில் பல டஜன் ஆலைகள் முளைத்தன. பங்கு போட்டு ஆலை வைத்த விவசாயக் குடும்பங்களும் உண்டு. எஃகுத் தொட்டிகள் இத்தாலியிலிருந்தும், ஓக் மரப் பீப்பாய்கள் பிரான்சிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தன. மும்பையில் பொருளாதாரம் சூடு பிடித்திருந்தது. ஒயின் குவளையைக் கையில் பிடிப்பது புது நாகரிகமானது. சாப்பிடும் திராட்சைக்காரர்கள் பலர் கொடியைப் பிடுங்கிவிட்டு ஷிராஸ் நட்டார்கள். ஏற்றுமதிக்காரரின் தரப் பரிசோதனை இல்லை, மண்டி ஏலம் இல்லை, நட்டால் ஆலை எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில்தான் ஓட்டை இருந்தது. தாம்சன் திராட்சைக்கு விலை விழுந்தால் விவசாயிக்கு வேறு வழிகள் உண்டு. வேறு சந்தைக்கு அனுப்பலாம். தாஸ்காவ் பக்கம் செய்வது போல உலர்த்தி உலர்திராட்சையாக விற்கலாம். ஷிராஸை யார் தின்பார்கள்? விதையும் தோலுமான அந்தப் பழத்துக்கு ஆலையைத் தவிர வேறு கதி கிடையாது. ஆலை கைவிரித்தால் பழம் கொடியிலேயே வாட வேண்டியதுதான்.

2008இல் அதுதான் நடந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்தது. நவம்பர் 26 அன்று மும்பையில் பயங்கரவாதிகள் தாக்கிய இடங்களில் தாஜ், ஓபராய் என்ற இரண்டு நட்சத்திர ஹோட்டல்களும் இருந்தன. வெளிநாட்டுப் பயணிகள் வரவைக் குறைத்துக்கொண்டார்கள். இந்திய ஒயினின் பெரிய வாடிக்கையாளரே ஹோட்டல்கள்தான். முந்தைய ஆண்டின் ஒயினே தொட்டிகளில் தேங்கிக் கிடக்க, அடுத்த அறுவடை வாசலில் வந்து நின்றது. பல ஆலைகள் பழம் வாங்க மறுத்தன. சில ஆலைகள் வாங்கிய பழத்துக்குப் பணம் தரத் தாமதித்தன. புதிதாகத் திறந்த பல ஆலைகள் மூடின. வெளிநாட்டு ஒயின் நிறுவனங்களைக்கூட வாங்கும் அளவுக்கு வளர்ந்திருந்த நாராயண்காவ் இண்டேஜ் நிறுவனமே கடனில் மூழ்கி நீதிமன்றப் படியேறியது.

விவசாயிகள் அரிவாளை எடுத்தார்கள். சிலர் கொடியை வேரோடு பிடுங்கினார்கள். கெட்டிக்காரர்கள் தண்டை மட்டும் அறுத்துவிட்டு, அதே வேர்ச்செடியின் மீது தாம்சன் குச்சியை மறுபடி ஒட்டுக் கட்டினார்கள். முழு விளைச்சலுக்கு வரச் சில ஆண்டுகள் பிடிக்கும் பயிர் அது. போட்ட பணத்தை எடுப்பதற்குள் வெட்டிச் சாய்த்தவர்களின் நஷ்டம் எந்தக் கணக்கிலும் சரியாக ஏறவில்லை.

சுற்றுலா கைகொடுத்தது

பிழைத்த ஆலைகள் பாடம் கற்றுக்கொண்டன. முதல் பாடம், ஒப்பந்தம். நாற்று, தொழில்நுட்ப ஆலோசனை எல்லாவற்றையும் தந்து, சர்க்கரை அளவையும் தரத்தையும் வைத்து விலை பேசி, பல ஆண்டுகளுக்கு எழுதிக்கொள்ளும் முறை பரவியது. பத்தாண்டுக்கும் மேல் நீளும் ஒப்பந்தங்களும் உண்டு. விவசாயிக்கு நிச்சயம் கிடைக்கிறது. ஆனால் விலை எகிறும் ஆண்டில் பக்கத்துத் தோட்டக்காரர் அள்ளுவதை இவர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது பாடம், விற்பனை புட்டியில் மட்டும் இல்லை. 2005இல் சுலா தன் தோட்டத்திலேயே சுவைத்துப் பார்க்கும் கூடத்தைத் திறந்தது. 2008இல் இசைத் திருவிழா தொடங்கியது. திரியம்பகேஸ்வருக்கு வந்த சாலையில் வார இறுதியில் மும்பைக் கார்கள் வேறொரு தரிசனத்துக்கு வரத் தொடங்கின. யார்க், சோமா, வலோனே என்று மற்ற ஆலைகளும் விருந்தினர் அறைகளும் உணவகங்களுமாக விரிந்தன. 2013இல் பிரான்சின் மொயே ஹென்னஸி நிறுவனம் திண்டோரியில் இந்திய ஷாண்டோன் நுரை ஒயினை அறிமுகம் செய்தது. நாசிக் பள்ளத்தாக்கு ஒயினுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மத்திய அரசும் விழித்துக்கொண்டது. 2009இல் புனேயில் இந்தியத் திராட்சைப் பதப்படுத்தும் வாரியம் அமைந்தது. 2011இல் சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பில் இந்தியா உறுப்பினரானது. 2022 டிசம்பரில் சுலா தலா 357 ரூபாய்க்குப் பங்கு விற்று, பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. அதே மாதம் 29ஆம் தேதி ஆஸ்திரேலியாவுடனான வணிக உடன்பாடு அமலுக்கு வந்தது. 150 சதவீதமாக இருந்த சுங்க வரி, புட்டிக்கு 5 டாலருக்கு மேற்பட்ட ஆஸ்திரேலிய ஒயினுக்கு 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேற்பட்டதற்கு 75 சதவீதமாகவும் குறைந்தது. பத்தாண்டில் இவை 50, 25 சதவீதமாக இறங்கும். வரிச் சுவருக்குப் பின்னால் வளர்ந்த நாசிக் ஒயின், கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில்லாமல் நிற்கப் பழக வேண்டியிருக்கிறது.

ஆனால் பெரிய சுவர் உள்ளூரில்தான் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் மொத்த மதுவில் ஒயினின் பங்கு ஒரு சதவீதத்தையும் எட்டாது. மது மாநில விவகாரம் என்பதால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வரி, தனி முத்திரை, தனிப் பதிவு. நாசிக் புட்டி குஜராத் எல்லையைத் தாண்டினால் குற்றம். ஒரு மாநிலத்தில் விவசாயப் பொருள், இன்னொன்றில் சாராயம்.

சொந்த மாநிலத்திலேயே இந்தச் சண்டை தீரவில்லை. 2022 ஜனவரியில் அன்றைய உத்தவ் தாக்கரே அமைச்சரவை, ஆயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்கலாம் என்று முடிவெடுத்தது. பள்ளிகள், வழிபாட்டுத் தலங்கள் அருகிலும் மதுவிலக்கு மாவட்டங்களிலும் மட்டும் கூடாது. ஒயின் மதுவே அல்ல, விற்பனை கூடினால் விவசாயிக்கு லாபம் என்று சிவசேனையின் சஞ்சய் ராவுத் வாதிட்டார். மகாராஷ்டிரம் மத்யராஷ்டிரம் ஆகிறது என்று எதிர்க்கட்சியாக இருந்த பாரதிய ஜனதா கேலி செய்தது. அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருக்கப்போவதாக அறிவித்தார். ஜூனில் ஆட்சியே மாறியது. முடிவு காகிதத்தோடு நின்றது.

இந்த வாதத்தில் இரு தரப்பும் விவசாயியின் பெயரைச் சொல்லியே பேசின. குடியால் கெட்ட குடும்பங்களைப் பார்த்த கிராமங்களுக்கு, மளிகைக்கு நடுவே ஒயின் புட்டி நிற்பது சாதாரண விஷயமல்ல. அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. அதே சமயம், அரசே கூப்பிட்டு நடச் சொன்ன பயிரை விற்க வழியில்லாமல் செய்வதும் நியாயமல்ல. லைசென்ஸும் சலுகையும் கொடுத்து ஒரு தொழிலை வளர்க்கும் அரசு, அதன் சரக்கு எங்கே விற்கும் என்ற கேள்விக்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் உறுதியான பதில் தரவில்லை.

இடையில் வானமும் மனம் மாறிவிட்டது. அக்டோபர் கவாத்து என்பதே மழை ஓய்ந்துவிடும் என்ற கணக்கில் உருவானது. 2019இல் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்த மழை நாசிக் தோட்டங்களில் பூவையும் பிஞ்சையும் நாசமாக்கியது. 2023 நவம்பர் கடைசியில் ஆலங்கட்டி மழை கொட்டியது. தடித்த தோலும் குறைந்த குலையும் ஒயின் ரகங்களைக் கொஞ்சம் காப்பாற்றலாம். கொத்து உதிர்ந்துபோனால் எந்த ரகமும் ஒன்றுதான்.

விலையில்லாமல் போனால் ஆலையை நொந்துகொள்ளலாம், மழை கெடுத்தால் யாரை நொந்துகொள்வது? அதனால்தான் அனுபவப்பட்ட விவசாயிகள் நிலம் முழுவதையும் ஒயினுக்கு எழுதிக் கொடுப்பதில்லை. பாதியில் பந்தல், பாதியில் கம்பி வரிசை, ஓரத்தில் கொஞ்சம் வெங்காயம், தக்காளி. ஒன்று காலை வாரினால் இன்னொன்று தாங்கும்.

அக்டோபர் வந்ததும் நாசிக் விவசாயி கத்தரிக்கோலோடு வரப்பில் நிற்கிறார். இன்று வெட்டினால் ஏறக்குறைய ஐந்து மாதத்தில் அறுவடை. தள்ளிப்போட்டால் மழைக்குத் தப்பலாம், ஆனால் மார்ச் வெயில் பழத்தின் புளிப்பை உறிஞ்சிவிடும். வானத்தைப் பார்க்கிறார், ஆலையின் ஒப்பந்தத் தேதியை நினைத்துக்கொள்கிறார், முதல் கணுவை வெட்டுகிறார். மும்பை உணவகத்தில் அந்தப் புட்டியைத் திறப்பவர் ஆண்டைப் பார்த்து ரகத்தைப் பார்த்து மெச்சுவார். விலை நிர்ணயிக்கும் மேசையில் மட்டும் விவசாயிக்கு இன்னும் சரியான நாற்காலி போடப்படவில்லை.